அறுந்த ஒயர் என்ன சொல்லும்?

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரை நெருங்கும்போதே சிப்காட் பலகைகள் கண்ணில் படத் தொடங்கிவிடும். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் தயாராகின்றன. சுங்குவார்சத்திரத்தில் செல்போன்கள். தெற்கே திரும்பி ஒரகடம் போனால் 2010-இல் வந்த ரெனோ–நிசான் ஆலை, 2012-இல் வந்த டைம்லர் லாரி ஆலை, 2013-இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஆலை. வெளியே வரும் பொருள் எதுவானாலும், உள்ளே ஓடும் இயந்திரங்களுக்குக் கண்ணும் காதும் சென்சார்கள்தான். சூடு, அழுத்தம், தூரம் என எதையும் மின்சாரமாக மாற்றிச் சொல்பவை அவை.

இந்த ஆலைகளுக்கு வேலைக்கு வரும் ஐடிஐ, டிப்ளமோ, பி.இ. பிள்ளைகள் எல்லோரும் ஓம் விதிக் கணக்கு போட்டுத்தான் வந்திருக்கிறார்கள். ‘தேர்வோடு அது முடிந்தது’ என்று நினைப்பவர்களும் உண்டு. உண்மையில் ஆலையின் பேனலுக்குள் ஓடுவது அதே கணக்குதான். ஒரே ஒரு வித்தியாசம்: பாடப்புத்தகப் படத்தில் ஒயர் வெறும் கோடு. ஆலையில் அது செம்பு. அதற்கும் மின்தடை உண்டு; ஒருநாள் அது அறுந்தும் போகும். அந்தக் கோட்டை ஒயராகப் பார்க்கத் தொடங்கும் இடத்தில்தான் கணக்கு பொறியியலாகிறது. மூன்று எளிய கணக்குகளில் இதைப் பார்த்துவிடலாம்.

முதல் கணக்கு: என்ஜின் சூடு

கார் என்ஜினின் குளிர்விப்பு நீரில் ஒரு தெர்மிஸ்டர் இருக்கும். சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். ஒரு பரவலான வகையில் 20 டிகிரி செல்சியஸில் 2,500 ஓம். 100 டிகிரியில் ஏறத்தாழ 187 ஓம். 5 வோல்ட்டிலிருந்து 2,000 ஓம் மின்தடை ஒன்று, அதன் கீழே இந்தத் தெர்மிஸ்டர், அதன் மறுமுனை எர்த்தில். இரண்டும் சேரும் புள்ளியின் மின்னழுத்தத்தைக் காரின் கணினி படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

20 டிகிரியில்: 5 × 2,500 ÷ 4,500 = 2.78 வோல்ட். 100 டிகிரியில்: 5 × 187 ÷ 2,187 = 0.43 வோல்ட். பரீட்சைத் தாளில் கணக்கு இங்கே முடிந்துவிடும்.

இப்போது சென்சாருக்குப் போகும் ஒயர் அறுந்துவிட்டது என்று வையுங்கள். மின்னோட்டம் இல்லை. எனவே 2,000 ஓமில் மின்னழுத்தம் குறைவதும் இல்லை. கணினி படிப்பது முழு 5 வோல்ட். மைனஸ் 40 டிகிரி உறைபனியில்கூட இந்தச் சுற்று 4.8 வோல்ட்டைத்தான் எட்டும். அப்படியானால் 5 வோல்ட் என்பது குளிர் அல்ல, கோளாறு. இரண்டு ஒயர்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் 0 வோல்ட். அதுவும் எந்த என்ஜினும் தொடாத சூடு. வண்டியின் டேஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்குக்குப் பின்னால் இருப்பது இப்படிப்பட்ட வரம்புகள்தான். சாத்தியமான விடை எது, சாத்தியமே இல்லாத விடை எது என்று கணினிக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் கணக்கு: அடுப்பின் சூடு

பெயின்ட் அடித்த கார் உடலை உலர்த்தும் அடுப்புகளில் சூடு சரியாக இருக்க வேண்டும். இத்தகைய இடங்களில் பயன்படுவது பிளாட்டினக் கம்பி கொண்ட பிடி-100 சென்சார். 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம், அதாவது டிகிரிக்குச் சுமார் 0.385 ஓம்.

சென்சார் அடுப்பில், பேனல் 20 மீட்டர் தள்ளி. அரை சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், போக வர 40 மீட்டர். அதன் மின்தடை சுமார் 1.4 ஓம். 1.4-ஐ 0.385-ஆல் வகுத்தால் 3.6. திரை காட்டும் சூடு, உள்ளே இருப்பதைவிட 3.6 டிகிரி அதிகம். சென்சார் பழுதில்லை, மீட்டர் பழுதில்லை. புத்தகத்தில் கோடாக இருந்த ஒயர்தான் காரணம்.

‘3.6-ஐக் கழித்துவிட்டால் போதுமே’ என்று தோன்றும். ஆனால் செம்பின் மின்தடையும் சூட்டோடு மாறும். மார்கழிக் காலையில் கழித்த எண் அக்னி நட்சத்திர மதியத்துக்குப் பொருந்தாது. அதனால்தான் அந்தச் சென்சாரிலிருந்து மூன்று ஒயர்கள் வருகின்றன. ஒரே நீளமுள்ள இரண்டு ஒயர்களை மின்சுற்றுப் பாலத்தின் அடுத்தடுத்த கைகளில் பொருத்தினால் ஒன்றின் மின்தடை மற்றொன்றை ஈடுகட்டிவிடும். இரண்டும் சேர்ந்தே சூடாவதால் பருவம் மாறினாலும் கவலையில்லை. 1833-இல் சாமுவேல் கிறிஸ்டி விவரித்து, 1843-இல் சார்லஸ் வீட்ஸ்டன் பரவலாக்கிய அதே பாலம். முதலாண்டு ஆய்வகத்தில் நாம் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரப் பாடுபட்டோமே, அதுதான்.

மூன்றாம் கணக்கு: 4 முதல் 20 வரை

ஆலையின் காற்றழுத்தக் குழாயில் 0 முதல் 10 பார் வரை அளக்கும் டிரான்ஸ்மிட்டர் ஒன்று. இது தகவலை மின்னழுத்தமாக அல்ல, மின்னோட்டமாக அனுப்பும்: 0 பாருக்கு 4 மில்லி ஆம்பியர், 10 பாருக்கு 20. பேனலில் 250 ஓம் மின்தடை வைத்தால் அது 1 முதல் 5 வோல்ட்டாகக் கிடைக்கும். 12 மில்லி ஆம்பியர் வந்தால் 3 வோல்ட், 5 பார்.

தொடர் இணைப்பில் மின்னோட்டம் எங்கும் ஒன்றே. ஆகவே ஒயரின் மின்தடை இங்கே அளவைக் கெடுக்காது. எவ்வளவு தூரம் தாங்கும்? மூலம் 24 வோல்ட். டிரான்ஸ்மிட்டருக்கு 12 தேவை. 250 ஓமில் 20 மில்லி ஆம்பியருக்கு 5 போகும். மீதி 7 வோல்ட். அதை 0.02-ஆல் வகுத்தால் 350 ஓம். மேலே பார்த்த அதே செம்பு ஒயரில், போக வரக் கணக்கிட்டால், ஏறத்தாழ 5 கிலோமீட்டர்!

ஏன் 0 அல்ல, 4? வகுப்பில் ஆசிரியர் பெயர் கூப்பிட்டதும் ‘உள்ளேன் ஐயா’ என்கிறோமே, அந்த 4 மில்லி ஆம்பியர் அதைத்தான் சொல்கிறது. அழுத்தம் பூஜ்யம், ஆனால் நான் இருக்கிறேன். ஒயர் அறுந்தால் 0 வரும். அது பதில் அல்ல, பதில் இல்லாமை. தொழில்துறை நடைமுறையில் 3.6 மில்லி ஆம்பியருக்குக் கீழே போனாலே கோளாறு என்று எடுத்துக்கொள்கிறார்கள். ‘அளவு பூஜ்யம்’ என்பதையும் ‘அளவே வரவில்லை’ என்பதையும் பிரித்தறியாத இயந்திரத்தின் பக்கத்தில் ஆள் நிற்பது ஆபத்து.

இதைப் புரிந்துகொள்ள ஆலைக்குள் போக வேண்டியதில்லை. சென்னை ரிச்சி தெருவில் 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர் ஒன்றும் அதே அளவு மின்தடை ஒன்றும் வாங்குங்கள். முதல் கணக்கில் போலவே, தெர்மிஸ்டர் எர்த் பக்கம் இருக்கும்படி செல்போன் சார்ஜரின் 5 வோல்ட்டில் இணைத்து, நடுப்புள்ளியில் மல்டிமீட்டரை வையுங்கள். 25 டிகிரியில் 2.5 வோல்ட், விரலால் தெர்மிஸ்டரைப் பிடித்தால் எண் 2-ஐ நோக்கி இறங்கும். பிறகு அதன் ஒரு காலைக் கழற்றுங்கள். மீட்டர் 5-க்குத் தாவும்.

நம் பாலிடெக்னிக் ஆசிரியர்களிடமும் வினாத்தாள் தயாரிப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு சென்சார் கணக்குக்கும் கீழே இரண்டு உட்கேள்விகளைச் சேருங்கள்: ‘ஒயரின் மின்தடையைச் சேர்த்தால் விடை எவ்வளவு மாறும்?’, ‘ஒயர் அறுந்தால் மீட்டர் என்ன காட்டும்?’ இரண்டுக்கும் ஓம் விதியே போதும். ஆனால் அவற்றுக்கு விடை எழுதிப் பழகிய மாணவர், ஒரகடத்தில் முதல் நாள் பேனலைத் திறக்கும்போது திரையில் தெரியும் எண்ணை அப்படியே நம்பிவிட மாட்டார். அந்த எண் எந்த வழியாக வந்தது என்று ஒயரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்ப்பார். நல்ல மெயின்டனன்ஸ் ஆளுக்கு வேண்டிய முதல் தகுதி அதுதான்.