அரிப்பு அடங்கிச்சு... ஆபத்து ஆரம்பிச்சுது!



எனக்கு வயது 37. பத்தாம் வகுப்பு வரை படித்தவள். கணவர் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்க்கிறார். மகள் பிளஸ் 2, மகன் ஆறாம் வகுப்பு. கூடவே மாமியார். வெளியே சொல்லக் கூச்சப்படுகிற விஷயத்தைத்தான் இங்கே எழுதப் போகிறேன். கூச்சப்பட்டதால்தான் எங்கள் வீட்டில் இவ்வளவும் நடந்தது. அதனால், இனியும் கூச்சப்படுவதாக இல்லை.

2023-ம் வருடம், சித்திரை வெயில். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டுகிற இடத்தில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவப்பாக ஒரு வட்டம் வந்தது. ஓரத்தில் சின்னச் சின்னதாய்ப் பொரிப்பொரியாக இருக்கும். நடுவில் தோல் சாதாரணமாக இருக்கும். படர்தாமரை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அடுப்படி வெக்கையில் வியர்க்க வியர்க்க, அரிப்பு உயிர் போகும். நாலு பேர் எதிரில் சொறியவும் முடியாது. சொறியாமல் இருக்கவும் முடியாது. இரண்டே மாதத்தில் இடுப்பைச் சுற்றி, தொடை இடுக்கு வரை இறங்கிவிட்டது.

எங்கள் தெருக்கோடி கிளினிக்கில் இருப்பவர் ஆண் டாக்டர். அந்த இடத்தை எப்படிக் காட்டுவது? கணவரிடம் சொல்லவே ஒரு மாதம் ஆனது. அவரோ, "எனக்கும்தான் அரைஞாண் கயித்தடியில இருக்குது. வெயில் போனா தானா போயிரும்" என்று சொல்லிவிட்டு, பட்டறைக்குக் கிளம்பிவிட்டார்.

கடைசியில் மருந்துக் கடைக்குப் போனேன். கூட்டம் குறையும் வரை ஓரமாக நின்று, "தம்பி... படர்தாமரைக்கு ஏதாச்சும் குடுப்பா" என்று மெதுவாகக் கேட்டேன். எந்த இடத்தில், எத்தனை நாளாய் என்று ஒரு கேள்வி கிடையாது. "இதைப் போடுங்கக்கா. ரெண்டே நாள்ல கேட்கும்" என்று ஒரு டியூபை எடுத்துக் கொடுத்தான்.

அவன் சொன்னது பொய்யில்லை. பூசிய அன்றே நிம்மதியாகத் தூங்கினேன். மூன்றாம் நாள் சிவப்பு மங்கியது. ஐந்தாம் நாள், 'சரியாப் போச்சு' என்று நிறுத்திவிட்டேன். பத்தே நாளில் திரும்ப வந்தது. மறுபடி பூசினேன், அடங்கியது. நிறுத்தினேன், முன்னைவிட அகலமாக வந்தது. அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். 'மருந்து போடலேன்னா வருது, போட்டா போகுது... அப்போ மருந்து நல்ல மருந்துதானே' என்று நினைத்தேன். டியூப் தீரத் தீர வாங்கினேன்.

அது எங்கள் வீட்டில் பொது டியூப் ஆனது. பற்பசை போல ஜன்னல் திண்டில் கிடக்கும். கணவர் இடுப்பில் தடவினார். அத்தை கால் விரல் இடுக்கில் தடவினார். அவருக்குச் சர்க்கரை வேறு. ஆடி மாதம், "அம்மா, எனக்கும் தொடையில அரிக்குதும்மா" என்று மகள் வந்தாள். நானே அந்த டியூபை அவள் கையில் கொடுத்தேன்.

"ராத்திரி படுக்கும்போது தடவிக்கோ கண்ணு. யார்கிட்டயும் சொல்லாதே" என்றேன்.

2024 ஏப்ரல். அவளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த வாரம். குளிக்கப் போனவள், உள்ளேயிருந்து அழுதுகொண்டே கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். இரண்டு தொடையின் உள்பக்கமும், பிள்ளை பெற்றவள் வயிற்றில் விழுமே, அந்த மாதிரி சிவப்புச் சிவப்பாய்க் கோடுகள். விரல் அகலத்துக்கு, நகத்தால் கீறி விட்டது போல... தொட்டால் அந்த இடத்துத் தோல் காகிதம் மாதிரி மெலிந்து கிடந்தது. படர்தாமரையும் போயிருக்கவில்லை. வட்டமாக இல்லாமல், எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்றே தெரியாமல் பரவியிருந்தது.

"எத்தனை நாளாடி இப்படி? ஏன் சொல்லலே?" என்று கத்தினேன்.

"யார்கிட்டயும் சொல்லாதேன்னு நீதானேம்மா சொன்னே" என்றாள்.

அதற்குப் பிறகு எனக்குப் பேச்சு வரவில்லை.

மறுநாளே அரசு ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்குப் போனோம். அங்கே இருந்தவர் பெண் டாக்டர். ஒரு வருடமாய் 'ஆண் டாக்டர்' என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, ஒரு பஸ் ஏறினால் பெண் டாக்டர் கிடைப்பார் என்று தோன்றவே இல்லை! தோலை லேசாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். "பூஞ்சை நிறைய இருக்கு" என்றார். பிறகு, நான் கொண்டுபோயிருந்த டியூபை வாங்கிப் படித்தவர், தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இதில பூஞ்சையைக் கொல்ற மருந்தும் இருக்கு, ஸ்டீராய்டும் இருக்கும்மா. வீட்டுக்குள்ளே திருடன் வந்தா நாய் குரைக்குமில்லே? சிவப்பும் அரிப்பும் அந்த மாதிரி. உடம்பு எதிர்த்துச் சண்டை போடுதுன்னு அர்த்தம். ஸ்டீராய்டு என்ன பண்ணும்? நாயோட வாயைக் கட்டிடும். வீடு அமைதியாயிடும். திருடன் உள்ளேதான் இருப்பான். நீங்க நாலு நாள் தடவிட்டு நிறுத்தறீங்க. பூஞ்சை சாகறதுக்கு நாலு நாள் போதாது" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அரிப்பு போனதைப் பார்த்து நோய் போய்விட்டது என்று நினைத்தேன். போனது அரிப்பு மட்டும்தான்.

"அப்போ ஸ்டீராய்டு விஷமா டாக்டர்?" என்று கேட்டேன். "இல்லவே இல்லை. எக்ஸிமா, சொரியாசிஸுக்கு நாங்களே எழுதித் தர்றோம். எந்த நோய்க்கு, எந்த இடத்துக்கு, எத்தனை நாளைக்குங்கறதுதான் விஷயம். தொடை இடுக்கு, அக்குள், முகம் இங்கெல்லாம் தோல் மெல்லிசு. மருந்தை உறிஞ்சிடும். உங்க பொண்ணு அங்கேயே ஒன்பது மாசம் தடவியிருக்கா" என்றார்.

"இந்தக் கோடு போயிருமுங்களா?"

"சிவப்பு மங்கி வெள்ளையாகும். முழுசாப் போகாதும்மா."

டாக்டர் சொன்னபடி டியூபை நிறுத்தினோம். முதல் பத்து, பதினைந்து நாள் நரகம்தான். வாய் திறந்த நாய் விடுவானேன்? அரிப்பும் சிவப்பும் முன்னைவிட இரண்டு பங்காக எழுந்தன. "இப்படித்தான் ஆகும், பயந்துக்கிட்டு மறுபடி பழைய டியூபைத் தொட்டுடாதீங்க" என்று முன்பே எச்சரித்திருந்ததால் தாக்குப் பிடித்தோம். ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சைக் களிம்பும், மாத்திரையும் தந்தார்கள். இப்போது நம் நாட்டில் பரவியிருக்கும் படர்தாமரைப் பூஞ்சையில் ஒரு வகை, சில மருந்துகளுக்கு லேசில் மசிவதில்லையாம். அதனால் இரண்டு மாதத்துக்கும் மேல் ஆனது. வீட்டில் எல்லாரையும் வரச்சொல்லி, யார் யாருக்கு இருந்ததோ அவர்களுக்கெல்லாம் ஒரே சமயத்தில் வைத்தியம் செய்தார்கள். ஒருவர் விட்டுப்போனாலும், அவரிடமிருந்து திரும்ப ஒட்டிக்கொள்ளுமாம்.

கணவரின் அரைஞாண் கயிற்றைக் கழற்றச் சொன்னதுதான் பெரிய ரகளை. "ஆம்பளை அரைஞாண் கயிறு இல்லாம இருக்கறதா?" என்று அத்தை சண்டைக்கு வந்துவிட்டார். ஈரமும் பூஞ்சையும் அந்தக் கயிற்றிலேயே தங்கும் என்று எடுத்துச் சொல்லி, குணமான பிறகு புதுசு கட்டிக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்தோம். நானும் பாவாடைக்கு அகலப் பட்டி வைத்துத் தைத்து, நாடாவைத் தளர்த்திக் கட்டப் பழகிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அந்த டியூபின் பொடி எழுத்தை மகள்தான் படித்துச் சொன்னாள். டாக்டர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டும் என்று அதிலேயே போட்டிருக்கிறது! 2018-ல் மத்திய அரசு, 14 வகை ஸ்டீராய்டு களிம்பு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறது. கடைக்காரத் தம்பியிடம் கேட்டேன். "எல்லாரும் கேக்கறாங்க, குடுக்கறோம்க்கா" என்றான். அவனை மட்டும் சொல்லி என்ன பயன்? சீட்டு இல்லாமல் கேட்டவளும் நான்தானே.

சகோதரிகளே, பட்டுத் தெரிந்துகொண்டதையும், டாக்டர் சொல்லித் தந்ததையும் எழுதுகிறேன். கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

* டியூபில் மருந்தின் பெயரைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன், குளோபெட்டசால்... இவையெல்லாம் ஸ்டீராய்டு. குளோட்ரிமசோல், மைக்கோனசோல், லுலிகோனசோல், டெர்பினாஃபின் இவை பூஞ்சை மருந்து. குளோட்ரிமசோலும் குளோபெட்டசாலும் கேட்க ஒன்று போலவே இருக்கும். நானே குழம்பிப் போனேன், கவனம்.

* படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பை நாமாக வாங்கிப் பூசவே கூடாது. வீக்கமும் எரிச்சலும் மிக அதிகம் என்று டாக்டரே எழுதித் தந்தால், அவர் சொன்ன நாள் கணக்கோடு நிறுத்திவிட வேண்டும். குளோட்ரிமசோலும் பீட்டாமெத்தசோனும் கலந்த களிம்பு என்றால், உடம்பிலும் தொடை இடுக்கிலும் இரண்டு வாரம். கால் விரல் இடுக்கில் நாலு வாரம். அதுதான் உச்ச வரம்பு. ஒரு வாரத்தில் குறையவில்லை என்றால் மறுபடி டாக்டரிடம் போகவேண்டும்.

* மெல்லிசாகப் பூசினால் போதும். பெரியவர்களின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய களிம்பு, இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். மேலே துணி கட்டி மூடக் கூடாது. பூசிய பின் கையைக் கழுவ வேண்டும்.

* முகத்தில் வேண்டவே வேண்டாம். பருவுக்கு, மங்குக்கு, சிவப்பாக ஆவதற்கு என்று இளம் பெண்கள் தடவுகிறார்கள். முகம் சிவந்து எரிந்து, முடி முளைத்து, இன்னும் பருவாகும்.

* சர்க்கரை உள்ளவர்கள் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நிறைய இடத்தில், நிறைய நாள் பூசினால், மருந்து ரத்தத்தில் கலந்து சர்க்கரையை ஏற்றிவிடக் கூடும்.

* ஸ்டீராய்டு இல்லாத பூஞ்சைக் களிம்பை, தோல் பளிச்சென்று ஆன பிறகும் டாக்டர் சொல்கிற வரை, குறைந்தது இரண்டு வாரமாவது விடாமல் பூச வேண்டும். வட்டத்துக்கு வெளியே இரண்டு விரல் தள்ளியும் பூச வேண்டும்.

* துண்டு, சோப்பு, உள்ளாடை ஆளுக்கு ஒன்று வேண்டும். துணியை வெந்நீரில் தனியாகத் துவைத்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி வெயிலில் காயப்போட்டு, தையல் ஓரங்களை இஸ்திரி போடுங்கள். குளித்ததும் மடிப்புகளில் ஈரம் போகத் துடைத்துவிட்டு உடுத்துங்கள். ஈர நைட்டியோடு வேலை செய்யாதீர்கள்.

* பல நாளாய்ப் பூசிக்கொண்டு இருப்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் பயந்து சும்மா இருந்துவிடாமல், டியூபையும் கையோடு எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள். வெட்கப்படாமல் எத்தனை மாதம் என்று சொல்லுங்கள்.

போன மாதம் எதிர்வீட்டுப் பெண், எட்டு மாதக் கைக்குழந்தையோடு வந்தாள். "அக்கா, நீங்க முன்னாடி ஒரு டியூப் சொன்னீங்களே... பாப்பாவுக்கு டயபர் போட்ட இடம் சிவந்து கிடக்கு, கொஞ்சம் இருந்தா குடுங்க" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கை கண்ட மருந்து என்று தெருவெல்லாம் சொன்னவள் நான்தானே! குழந்தைத் தோலில், அதுவும் டயபருக்குள்ளே, மூடிக் கட்டிய கட்டு மாதிரி மருந்து அப்படியே உள்ளே இறங்கும். டயபர் புண்ணுக்கு அந்தக் களிம்பு கூடவே கூடாது. நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னேன். மகளின் விஷயத்தைச் சொல்லலாமா என்று தயங்கியபோது, உள்ளேயிருந்து மகளே வந்து, "சொல்லும்மா" என்றாள். அன்று மாலையே அவளோடு நானும் குழந்தை டாக்டரிடம் போய் வந்தேன்.

கோடுகள் வெள்ளையாகிவிட்டன. மகள் அதைப் பற்றி இப்போது அழுவதில்லை. எனக்குத்தான், அவள் துணி மடிக்கும்போதெல்லாம் நெஞ்சை அறுக்கிறது. பெண் பிள்ளைகளிடம் எத்தனையோ விஷயத்தை 'யார்கிட்டயும் சொல்லாதே' என்று சொல்லித்தான் வளர்க்கிறோம். உடம்பில் வந்த நோயை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 'முதல்ல என்கிட்ட சொல்லு, ரெண்டு பேருமா டாக்டர்கிட்டே போவோம்' என்று சொல்லி வளருங்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர் மாவட்டம்.