பழைய ஏசியில் இருக்கும் கேஸ் எங்கே போகிறது?

பழைய ஏசியை ஸ்கிராப்புக்குக் கழற்றும்போது ‘புஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் வரும். உள்ளே இருந்த கேஸ் மொத்தமும் காற்றில் கலந்துவிட்டது என்று அர்த்தம்.

பத்துப் பதினைந்து வருடப் பழைய ஏசி என்றால், அது பெரும்பாலும் ஆர்-22. ஓசோன் படலத்தை அரிக்கும் ரகம். பூமியைச் சூடாக்குவதிலும் சளைத்ததல்ல. ஒரு கிலோ ஆர்-22, சுமார் 1,800 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு வீட்டு ஏசியில் ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். அந்தக் கால ஃப்ரிட்ஜ்களின் ஆர்-12 இன்னும் மோசம். பத்தாயிரம் மடங்குக்கும் மேல்.

அதான் தடை பண்ணிட்டாங்களே?

பாதி சரி. 1987-ல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தம் உற்பத்தியையும் இறக்குமதியையும்தான் கட்டுப்படுத்துகிறது. சிஎஃப்சி உற்பத்திக்கு வளரும் நாடுகளிலும் 2010-ல் முற்றுப்புள்ளி. ஆர்-22-க்கு 2030 கெடு. அதன் பிறகு சர்வீஸுக்கு மட்டும் சிறிய அளவில் அனுமதி. ஆனால், ஏற்கெனவே மெஷின்களுக்குள்ளும் சிலிண்டர்களிலும் இருப்பதை அழித்தே ஆகணும் என்று ஒப்பந்தம் சொல்லவில்லை. குழாயை மூடியாச்சு, தொட்டி அப்படியே இருக்கு.

எப்படி அழிப்பது?

முதலில் ரெக்கவரி மெஷின் வைத்து சிலிண்டரில் பிடிக்க வேண்டும். சுத்தமாக இருந்தால் மறுபடி பயன்படுத்தலாம். விமானங்களில் தீயணைக்கும் ஹாலான் இப்படித்தான் ஓடுகிறது: புது உற்பத்தி இல்லை, பழைய ஸ்டாக்கைச் சுத்திகரித்தே சமாளிக்கிறார்கள். இரண்டு மூன்று கேஸ் ஒரே சிலிண்டரில் கலந்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு. அப்புறம் அழிப்புதான் வழி.

சும்மா கொளுத்திவிட முடியாது. சிமென்ட் சூளை, பிளாஸ்மா ஆர்க் போன்ற அதிவெப்பத்தில் மூலக்கூறை உடைக்க வேண்டும். 99.99 சதவீதம் அழிய வேண்டும் என்பது அளவுகோல். உடையும்போது வரும் அமில வாயுக்களையும் பிடித்துச் செயலிழக்க வைக்கணும்.

காசு யார் கொடுப்பது?

சிக்கலே இங்கதான். காப்பருக்கு விலை உண்டு, கம்ப்ரசருக்கு விலை உண்டு. அழுக்கான கேஸுக்கு? மெஷினும் சிலிண்டரும் எடுத்துவந்து, நேரம் செலவழித்து அதைப் பிடிக்கும் மெக்கானிக்குக்கு யாரும் கூடுதலாகத் தருவதில்லை. அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஜப்பானில் 2001 முதல், ஏசியையோ ஃப்ரிட்ஜையோ தூக்கிப்போடுபவரே மறுசுழற்சிக் கட்டணம் கட்ட வேண்டும். கேஸைப் பிடிக்கும் செலவும் அதற்குள் வந்துவிடும்.

கேஸைப் பிடித்தாலும் பழைய ஃப்ரிட்ஜில் வேலை முடியாது. சுவருக்குள் இருக்கும் ஃபோமிலும் சிஎஃப்சி உண்டு; உடைத்தால் கசியும்.

உங்கள் வீட்டு ஏசி எந்த ரகம் என்பது அவுட்டோர் யூனிட் ஸ்டிக்கரிலேயே இருக்கும். ஆர்-22 என்றிருந்தால், கழற்ற வருபவரிடம் ரேட் பேசும்போதே ரெக்கவரி மெஷின் கொண்டு வருவாரா என்று கேட்டுவிடுங்கள்.