கம்ப்யூட்டர் ஆன் ஆகி ஆன் ஆகி நிக்குதா? அவசரப்பட்டு ‘பார்மட்’ வேண்டாம்!



நம்ம நல்லூர் பக்கம் தெருவுக்குத் தெரு பனியன் வேலைதான். குழுவில் இருக்கும் நம்மில் பலர் பவர் டேபிள், செக்கிங், பேக்கிங் என்று போகிறோம். சிலர் நாலு மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிறோம். சேமிப்பு, கடன், வட்டி, ஜாப் ஒர்க் பில் எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது.

அந்தக் கம்ப்யூட்டர் ஒரு நாள் விண்டோஸ் படம் காட்டி, நீலக் கலரில் ஏதோ எழுத்து மின்னி, திரும்ப முதலில் இருந்து ஆரம்பித்தால் நமக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. யாராவது ஒருத்தர் “பார்மட் பண்ணிரலாங்க்கா” என்பார். பார்மட் என்றால் எழுதின நோட்டை அழித்து வெறும் நோட்டாக ஆக்குவது. பீரோ பூட்டு மக்கர் பண்ணினால் பீரோவையே கொளுத்துவோமா? உள்ளே இருக்கிற கணக்கு பெரும்பாலும் பத்திரமாகத்தான் இருக்கும்.

உலகமே நின்ற நாள்

2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் இதே மாதிரி நீலத்திரை காட்டி நின்றன. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட்டில் தப்பு இருந்ததுதான் காரணம். நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதைச் சரி செய்ய பார்மட் தேவைப்படவில்லை. ‘சேஃப் மோடு’ வழியாக உள்ளே போய், கோளாறான அந்த ஒரு பைலை மட்டும் அழித்தார்கள். அவ்வளவு பெரிய கோளாறுக்கே வைத்தியம் அதுதான்.

எந்த இடத்தில் நிற்கிறது?

முதலில் இதைப் பாருங்கள். மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வியும் இதுதான்.

1. விண்டோஸ் படம் வரும் முன்பே நின்றால்: கரண்ட் அல்லது உள்ளே இருக்கும் சாமான் கோளாறு. பிளக், வயர், யூ.பி.எஸ். பாருங்கள். பென் டிரைவ், பிரிண்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆன் பண்ணுங்கள். பீப் பீப் என்று சத்தம் வந்து திரை கறுப்பாகவே இருந்தால் ‘ரேம்’ சரியாக உட்காராமல் இருக்கலாம்.

2. கொஞ்ச நேரம் ஓடிவிட்டு அணைந்தால்: பெரும்பாலும் சூடு. நம் ஊரில் இதற்கு முக்கியக் காரணம் பஞ்சுத் தூசி. ஃபேனில் பஞ்சு அடைத்துக்கொண்டால் சூடு வெளியேறாது. கருகாமல் இருக்க கம்ப்யூட்டர் தானே அணைந்துவிடும்.

3. விண்டோஸ் படம் வந்த பிறகு சுற்றிச் சுற்றி வந்தால்: விண்டோஸ் பைல், அப்டேட், வைரஸ், இல்லையென்றால் ஹார்ட் டிஸ்க்.

நாமே செய்யக்கூடியது

தூசி தட்ட: பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் பெட்டியைத் திறக்கணும். மெல்லிய பெயின்ட் பிரஷ் போதும். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு தட்டுங்கள். கம்பெனி கம்ப்ரஸர் காற்றை அடிக்காதீங்க. அதில் தண்ணீர்ப் பிசுபிசுப்பு வரும். கரண்ட் நுழையும் எஸ்.எம்.பி.எஸ். டப்பாவை மட்டும் பிரிக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கரண்ட் தங்கியிருக்கும்.

சேஃப் மோடு போக: பழைய விண்டோஸ் 7 என்றால் ஆன் பண்ணினதும் எஃப்8 பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்கணும். விண்டோஸ் 10, 11-ல் ரெண்டு மூணு தடவை ஏறாமல் நின்றால் பழுதுபார்க்கும் திரை தானாக வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய், எண் 4-ஐ அழுத்துங்கள்.

உள்ளே போனதும் முதல் வேலை கணக்கு பைல்களைப் பென் டிரைவில் எடுப்பதுதான். ரிப்பேர் அதற்கு அப்புறம். புதுசாகப் போட்ட சாஃப்ட்வேர் ஏதாவது இருந்தால் பிறகு அதை நீக்கிப் பாருங்கள்.

கவனம்! அதே திரையில் ‘ரீசெட் திஸ் பிசி’ என்று ஒன்று இருக்கும். அதில் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ அமுக்கினால் எல்லாம் போச்சு.

உடனே நிறுத்த வேண்டிய நேரம்

பெட்டிக்குள் ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டால் ஹார்ட் டிஸ்க் போகப்போகிறது என்று அர்த்தம். கருகின வாசனை வந்தாலும் அப்படித்தான், ஆன் பண்ணிப் பார்த்துக்கொண்டே இருக்காதீங்க. ஹார்ட் டிஸ்க் ஒவ்வொரு தடவையும் இன்னும் கெடும். கடையில் கொடுக்கும்போது, “கணக்கை எடுத்துக் கொடுத்த பிறகுதான் மற்றது, எங்களைக் கேட்காமல் பார்மட் பண்ணக் கூடாது” என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

மிஷின் போனால் வேறு வாங்கலாம். ஆனால் இருபது பேர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்துக்கு அந்தக் கணக்குதான் சாட்சி. அது தொலைந்தால் யார் எவ்வளவு கட்டினார், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று குழுவுக்குள்ளேயே மனக்கசப்பு வரும்.

அதனால் மாசம் ஒரு தடவை கணக்கை ரெண்டு பென் டிரைவில் எடுப்போம். ஒன்று ஊக்குநர் வீட்டில், இன்னொன்று பிரதிநிதி வீட்டில் இருக்கட்டும். பேரேட்டையும் கையால் எழுதுவதை விடவேண்டாம். இதைத் தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுவோம்.