புதிய வாகனத்தின் பெறுமதியை வீட்டிலேயே பேணுவோம்

வியாபாரிக்கு வாகனமும் ஒரு முதலீடே. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டாலும், வரிச்சுமை பெரியது. ஆகவே, வாங்கிய நாள் முதலே பராமரிப்பு அவசியம்.

முதலில் சில்லுகளைக் கழுவுங்கள். பிரேக் தூள் நாட்பட்டால் ரிம்மை அரிக்கும். இதற்குத் தனி வாளியும் தூரிகையும் வேண்டும். ரிம் சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

அடுத்து உடற்பகுதி. நிழலில் நிறுத்தி, தண்ணீர் அடித்து மணலை அகற்றுங்கள். ஒரு வாளியில் கார் ஷாம்பு, மறு வாளியில் துணி அலச வெறும் தண்ணீர். மேலிருந்து கீழாகத் தேய்க்க வேண்டும். சலவைத்தூளும் பாத்திரம் கழுவும் திரவமும் மெழுகுப் பூச்சைப் போக்கிவிடும். மைக்ரோஃபைபர் துணியால் ஈரத்தை ஒற்றியெடுத்து, சில மாதங்களுக்கொருமுறை மெழுகு பூசுங்கள். பறவை எச்சத்தை அன்றே ஊறவைத்துத் துடையுங்கள். கரையோரத்தில் வசிப்போர் அடிப்பாகத்தின் உப்பையும் கழுவ வேண்டும்.

உள்ளே, வெக்யூம் செய்தபின் ஈரத்துணியால் துடைத்தாலே போதும். பளபளப்புத் திரவத்தை ஸ்டீயரிங்கிலும் பெடல்களிலும் பூசாதீர்கள்; வழுக்கும்.

மறுவர்ணம் பூசிய வாகனத்தைக் கண்டால், விபத்துக்குள்ளானதோ என வாங்குபவர் சந்தேகித்து விலையைக் குறைப்பார். அசல் வர்ணத்தைக் காப்பது அந்த நட்டத்தைத் தவிர்க்கும்.