ஆலைச் சங்கு இல்லாத கம்ப்யூட்டர்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு மூட்டை இறக்குவதைப் பார்க்காத நம்மவர் இருக்க முடியாது. லாரி மேல் நிற்பவர் மூட்டையைச் சாய்த்துக் கொடுக்கிறார். கீழே உள்ளவர் தோளில் வாங்கி, "சரி" என்ற பிறகே மேலே உள்ளவர் கையை விடுகிறார். யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. எலெக்ட்ரானிக் சர்க்யூட்டுகளிலும் இப்படி ஒரு வகை உண்டு.

சாதாரணக் கம்ப்யூட்டரில் ஒரு மின்துடிப்பு, ஆலைச் சங்கு போல, எல்லாப் பகுதிகளையும் ஒரே சமயத்தில் நகர்த்துகிறது. சங்கின் இடைவெளியை மிக மெதுவான பகுதிக்குத் தக்கபடி வைத்தாக வேண்டும். சங்கில்லாத சர்க்யூட்டில் ஒரு பகுதி "இந்தா" என்கிறது. அடுத்தது "வாங்கிக்கொண்டேன்" என்கிறது.

கேட்க எளிது, அமைப்பதுதான் பாடு. ஒரே செய்தி இரு வழியாக முன்பின்னாக வந்து சேர்ந்தால் கண நேரம் ஒரு பொய்க்குறி தோன்றும். சங்கு முறையில் அது அடுத்த சங்குக்குள் அடங்கிவிடும். இங்கோ அதை மெய்யென்று நம்பி அடுத்த பகுதி வேலையைத் தொடங்கிவிடும். மூட்டை தோளுக்கு வருமுன் யாரோ "சரி" என்று கத்தினால் என்ன ஆகும்? தாமதத்தைப் பொறுக்கலாம், இதைப் பொறுக்க முடியாது.

அமெரிக்காவில் டேவிட் ஹஃப்மன் 1954-ல் ஒரு முறை வகுத்தார்: ஒரு சமயத்தில் ஒரு குறி மட்டும் மாறட்டும், சர்க்யூட் அடங்கிய பிறகே மற்றது. இலினாய் பல்கலைக்கழகத்தின் டேவிட் முல்லர், எந்தப் பகுதி எவ்வளவு தாமதித்தாலும் பிழை நேராத அமைப்பைத் தேடினார். அவருடைய 'சி' உறுப்பு குமாஸ்தாக்களுக்குச் சட்டென்று புரியும். எடைச்சீட்டு, பில் இரண்டும் வந்தால்தான் கிடங்கின் கேட் திறக்கும். திறந்த கேட், இரண்டும் திரும்பப் போனால்தான் மூடும். ஒன்று மட்டும் மாறினால் பழைய நிலையே. (நம் கிடங்குகளில் இவ்வளவு கண்டிப்பு இல்லை என்பது வேறு விஷயம்!)

பிரின்ஸ்டனில் கட்டப்பட்ட ஐ.ஏ.எஸ். கம்ப்யூட்டருக்குப் பொதுச் சங்கு கிடையாது. அதன் அமைப்பைத் தழுவியே பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 'டிஃப்ராக்' உருவாயிற்று. 1960-ல் அது முறைப்படி இயங்கத் தொடங்கியது. கட்டிய குழுவுக்குத் தலைவர் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன்.

பிறகு உலகம் சங்கின் பக்கமே சாய்ந்தது. சோதித்துப் பார்க்க அதுவே சுலபம். ஆயினும் 1989-ல் கால்டெக்கில் அலென் மார்ட்டின் குழுவினர் சங்கில்லாத மைக்ரோ பிராசஸர் ஒன்றைச் செய்து காட்டினர். வேலையில்லாத பகுதி துடிப்புக்காக மின்சாரம் செலவழிப்பதில்லை என்பது இதில் லாபம். "சரி" சொல்லவும் கேட்கவும் கூடுதல் கம்பிகள் வேண்டியிருப்பது அதற்கான கூலி.