முதுமையில் என்பைக் காத்தல்

உடலைத் தாங்கி நிற்கும் என்பை உயிரற்ற தூண் என்று கருதுவோர் பலர். உண்மையில் அஃது உயிருள்ள பொருள். அதனுள்ளே பழைய பகுதி ஓயாது கரைக்கப்படுகிறது. புதிய பகுதி ஓயாது கட்டப்படுகிறது. இளமையில் கட்டுதல் மிகும். ஏறக்குறைய 30 வயதில் என்பு தன் முழு வலிமையை அடைகிறது. பின்னர்க் கரைதல் மெல்ல மேலோங்கும். மாதவிடாய் நின்ற பெண்களிடத்து ஈஸ்திரோசன் என்னும் ஓமோன் குறைந்துவிடுவதால் இவ்விழப்பு விரைவடைகிறது. உள்ளே துளைகள் பெருகி, என்பு எளிதில் முறியும் நிலையை அடைவதே என்புப்புரை நோய்.

இந்நோய் வலியெடுத்துத் தன்னை அறிவிப்பதில்லை. உயரம் குறைதலும் முதுகு கூனலும் வயதின் இயல்பென்றே விடப்படுகின்றன. ஈரத் தரையில் வழுக்கி, மணிக்கட்டோ இடுப்போ முறிந்த பின்னரே பலருக்கு நோய் தெரியவருகிறது. இடுப்பு முறிந்த முதியவர் பலர் முன்போல் தாமே நடமாடும் நிலைக்கு மீள்வதில்லை.

இதனை அறிந்த குடும்பத்தார் செய்வது யாது? "அம்மம்மா, நீங்கள் ஒன்றுக்கும் எழும்ப வேண்டாம், கதிரையிலே இருங்கள்" என்று அன்புடன் தடுத்துவிடுகின்றனர். அவ்வன்பே கேடாக முடிகிறது. பாரம் தாங்காத என்பு மேலும் மெலியும். உழைக்காத தசை தளரும். தளர்ந்த கால் எளிதில் தடுமாறும். ஆதலின் முதியவர் விழாது நடப்பதற்கு வழி செய்தலே உறவினர் கடமை.

கிணற்றடியிலும் குளியலறையிலும் படிந்த பாசியைத் தேய்த்து அகற்றி, சுவரிலே கைபிடி ஒன்று பொருத்துதல் வேண்டும். நழுவும் கால்மிதியை எடுத்துவிடுதல் நன்று. படுக்கையிலிருந்து மலசலகூடம் வரை இரவில் சிறு விளக்கு எரியட்டும். கண்பார்வையைச் சோதிப்பித்தலும், உண்ணும் மாத்திரைகளுள் தலைச்சுற்றைத் தருவன உண்டா என வைத்தியரைக் கேட்டலும் அவசியம்.

நாள்தோறும் வெயில் படும் முற்றத்திலோ ஒழுங்கையிலோ முதியவருடன் சிறிது தூரம் நடத்தல் இரட்டை நன்மை தரும். நடையால் என்பின் வலிமை காக்கப்படும். வெயிலால் தோலிலே விற்றமின் டீ உண்டாகும். குடல் கல்சியத்தை உறிஞ்சுவதற்கு அவ்விற்றமின் இன்றியமையாதது. குனிந்து நீர்வாளி தூக்குதல் மட்டும் ஆகாது. முள்ளந்தண்டு என்பு அதனால் நசுங்கக்கூடும்.

50 வயதைக் கடந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,200 மில்லிகிராம் கல்சியம் வேண்டும். ஒரு கோப்பைப் பாலில் 300 மில்லிகிராம் வரை உண்டு. குரக்கன், எள்ளு, முருங்கையிலை, முள்ளுடன் உண்ணும் நெத்தலி ஆகியவை எஞ்சியதை நிரப்ப உதவும். தசையின் உரத்திற்குப் பருப்பும் முட்டையும் மீனும் தேவை.

என்பின் அடர்த்தியை எக்ஸ் கதிரால் அளந்தறிந்து வைத்தியர் மருந்து தருவார். வாரம் ஒருமுறை உண்ணும் அலென்ட்ரோனேற் மாத்திரையைக் காலையில் வெறுவயிற்றில், தேநீருடனன்றித் தனி நீருடன் விழுங்கவேண்டும். பின்னர் அரைமணி நேரம் உண்ணாமலும் படுக்காமலும் இருத்தல் வேண்டும். இன்றேல் உணவுக்குழாய் புண்ணாகலாம். வலியில்லையே என்று மருந்தைத் தாமே நிறுத்துதல் தவறு.

முதியவர் மறப்பதை நினைவூட்டுதலும், அஞ்சும் இடத்திற் கைகொடுத்தலும் வீட்டார் பொறுப்பு. நடை பழக்கிய கையை முதுமையிற் பற்றி நடத்துதல் பிள்ளைகளுக்கும் பேரர்க்கும் உரிய கடன்.