செவ்வெண்ணும் சிட்டையும்

போடிநாயக்கனூர்க் கடைத்தெருவில் மாலைப் பொழுதில் சிறிது நேரம் நிற்போர் ஒரு காட்சியைக் காண்பர். ஏலமலைத் தோட்டங்களில் வேலை முடித்து ஜீப்பிலிருந்து இறங்கும் பெண்டிர், மடியிலிருந்து நான்காக மடித்த தாளொன்றை எடுத்து மளிகைக் கடைக்காரரிடம் நீட்டுவர். தாளிலுள்ள கையெழுத்துப் பள்ளிப் பிள்ளையினுடையது, சொல் தாயினுடையது. கடைக்காரர் ஒவ்வொரு பொருளாகக் கட்டி வைத்து, அதனதன் எதிரே விலையிட்டு, அடியிற் கோடு கிழித்துத் தொகை எழுதுவார். வீடு சேர்ந்து பொருள்களைச் சரிபார்த்தபின் அத்தாள் அடுப்புக்கோ குப்பைக்கோ போய்விடும். நாள்தோறும் எழுதப்பெற்று நாள்தோறும் அழியும் இவ்வெழுத்து, புலவர் உலகின் கண்ணிற் பட்டதில்லை. இதற்கும் ஓர் இலக்கணம் உண்டென்பதையும், அவ்விலக்கணம் உழைப்பவர் உரிமையோடு தொடர்புடையதென்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

சொல்லும் வரிசையும்

‘பட்டியல்’ என்பது இன்று ஏட்டு வழக்கில் நிலைபெற்ற சொல். கடைத்தெருவில் வழங்குவன ‘சிட்டை’யும் ‘லிஸ்ட்’டுமே. முந்திய தலைமுறையினர் ‘சாபிதா’ என்றும் கூறுவர். சிட்டை வடநாட்டு மொழிவழி வந்தது. சாபிதா உருது வழியாக வந்த அரபுச் சொல். ஆட்சியும் வணிகமும் மாறுந்தோறும் பெயர் மாறியுள்ளது. எழுதும் முறை பெரிதும் மாறவில்லை.

தாளின் தலையில் பிள்ளையார் சுழி இடுவர். அடுத்து முதற்பொருளாக மஞ்சள் வரும். வீட்டில் மஞ்சள் நிரம்ப இருப்பினும், ‘முதல்ல மஞ்சள் போடு’ என்றே தாய் சொல்லத் தொடங்குவாள். நெல் அளப்போர் ‘ஒன்று’ என்னாது ‘லாபம்’ என்று எண்ணத் தொடங்குவதும் இம்மங்கல மரபையே சார்ந்தது. மஞ்சளுக்குப்பின் வரும் கடுகு, சீரகம், மிளகு முதலியன பெரும்பாலும் அஞ்சறைப் பெட்டியின் அறை வரிசையைத் தழுவி வரும். தாய் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு குறைந்தவற்றைச் சொல்லுகிறாள். வரிசையை அமைத்துத் தருவது பெட்டியே. ஆதலின் சிட்டையின் வரிசை மனம்போன போக்கில் அமைந்ததன்று. நினைவுக்குத் துணையாக அமைந்த ஒழுங்கு என்க.

அளவைப் பெயர்களில் மட்டும் மாற்றம் தெளிவாகத் தெரியும். இந்திய அரசின் எடை அளவைச் சட்டம் 1956-இல் இயற்றப்பெற்றது. 1957 ஏப்ரல் முதல் நாளில் நயாபைசா நாணயம் வழக்கிற்கு வந்தது. பின்னர்ப் படிப்படியாக வீசையும் பலமும் மறைந்து கிலோவும் கிராமும் நிலைத்தன. நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு என்னும் வாய்பாடு இன்று முதியோர் நாவில் மட்டுமே உளது. பழைய சிட்டைகள் கிடைப்பின், ஒரு குடும்பம் எந்த ஆண்டில் எந்தப் பொருளுக்கு வீசையைக் கைவிட்டது என்பதைக்கூட நாம் காணலாகும். சட்டம் அறிவிக்கும் நாள் ஒன்று. மக்கள் ஏற்கும் நாள் மற்றொன்று. பின்னதை அறியச் சிட்டையினும் சிறந்த சான்று இல்லை.

இலக்கண விதி

பொருள்களை அடுக்கிக் கூறும் முறையை நம் இலக்கண நூலார் ‘எண்’ என்பர். ‘உம்’, ‘என’, ‘ஒடு’ முதலிய இடைச்சொற்கள் வெளிப்பட நின்று எண்ணுவது ஒரு வகை. அவை இன்றிப் பெயர்களை மட்டும் நிரல்பட நிறுத்துவது மற்றொரு வகை, இதுவே செவ்வெண். உம்மை பெற்ற எண் இறுதியில் தொகைச்சொல் இன்றியும் நடக்கும். செவ்வெண்ணோ தொகை பெற்றே முடியவேண்டும் என்பது நன்னூலார் கருத்து. ‘சுக்கும் மிளகும் திப்பிலியும் வாங்கினான்’ எனலாம். உம்மையை நீக்கினால் ‘சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் வாங்கினான்’ என்று ‘மூன்றும்’ வந்தாலன்றித் தொடர் நிரம்பாது.

இவ்விதியின் காரணம் எளிது. உம்மை ஒவ்வொரு பெயரையும் அடுத்த பெயரோடு பிணைக்கின்றது. அப்பிணைப்பு இல்லாதவிடத்துப் பெயர்கள் உதிர்ந்து கிடக்கும். எங்கே தொடங்கி எங்கே முடிந்தன என்று கூறுதற்குத் தொகை ஒன்று வேண்டப்படுகின்றது. மளிகைச் சிட்டை முழுவதும் செவ்வெண்ணே. அதன் அடியில் கடைக்காரர் எழுதும் ‘ஆக’ என்னும் சொல், நன்னூலார் வேண்டிய தொகையின் இடத்தில் நிற்கின்றது. இலக்கணம் பயிலாத கணக்கன் கையிலும் இவ்விதி பிறழாமல் நடந்துவருகின்றது.

இத்தகைய கணக்கு எழுத்துக்கெனத் தனிக் குறியீடுகளையே தமிழர் வைத்திருந்தனர். பற்று, வரவு, மேற்படி, ரூபாய் முதலியவற்றின் குறிகள் யூனிக்கோடு எழுத்துத் தொகுதியில் 2003-இல் இடம்பெற்றன. 2019-இல் சேர்க்கப்பெற்ற 51 குறிகளுள் உழக்கு, குறுணி முதலிய அளவைக் குறிகளோடு ‘ஆக’, ‘போக’, ‘முதலிய’, ‘வகையறா’ என்பவற்றின் குறிகளும் உள்ளன. பட்டியலைக் கூட்டவும் கழிக்கவும், அடைக்கவும் திறந்துவைக்கவும் சுருக்கெழுத்துக் கண்ட கணக்கர், அவ்வேறுபாட்டை எத்துணைத் தெளிவாக உணர்ந்திருந்தனர் என்பது இதனாற் போதரும்.

திறந்த எண்ணும் அடைத்த எண்ணும்

குறிஞ்சி நிலத்தைப் பாடிய கபிலர், குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்த மலர்களை அடுக்கிச் செல்கின்றார். அவற்றை 99 எனக் கணக்கிடுவது மரபு. எனினும் அவ்வடுக்கின் ஈற்றயலில் ‘பிறவும்’ என்னும் சொல் அமைந்துள்ளது. மலையின் வளம் எண்ணில் அடங்காது என்பதே பாட்டின் கருத்தாதலின், அங்கே எண் திறந்து நிற்பதே அழகு.

ஏலாதி என்னும் கீழ்க்கணக்கு நூலோ இதற்கு மாறானது. ஏலத்தை முதலாகக் கொண்ட மருந்தின் பெயரே நூலின் பெயராயிற்று. ஏலம் ஒரு பங்கு, இலவங்கம் இரண்டு, சிறுநாகப்பூ மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு, ஆக இருபத்தொரு பங்கு என்பது அம்மருந்தின் அளவு. இதில் ‘பிறவும்’ என்று ஒரு சொல் புகுமாயின் மருந்து மருந்தாகாது. அம்மருந்தின் ஆறு சரக்குகளைப் போலவே செய்யுள்தோறும் ஆறு கருத்துகளைக் கணிமேதாவியார் அமைத்தார். இங்கே எண் அடைபட்டு நிற்பதே பயன்.

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் அடைத்த எண்ணின் தலைசிறந்த சான்றுகள். இறைவனின் திருமஞ்சன நீரில் இடுதற்கு ஏலவரிசியும் செண்பக மொட்டும் இலாமிச்சமும் வேண்டுமென்று, அவற்றிற்கு வைத்த முதலோடும் வட்டியோடும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளது. முதலாம் இராசராசன் அமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரும் பெயர், தெரு, சிறகு, வீட்டு எண் என்னும் முறையில் குறிக்கப்பெற்றுள்ளனர். ஒருவருக்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் நெல் நூறு கலம். ஒருவர் இறப்பினும் ஊர்விட்டுப் போயினும் அவர்தம் நெருங்கிய உறவினர் அப்பங்கைப் பெற்று அப்பணியைச் செய்தல் வேண்டும் என்பதும் அங்கே உளது. ஆகவே அக்கல்லில் தன் பெயர் இருத்தல் உணவு, இல்லாதிருத்தல் பசி. பட்டியல் என்பது நினைவுக் குறிப்பு என்னும் நிலையைக் கடந்து உரிமைச் சான்றாகும் இடம் இதுவே.

மலைச்சரிவில் எழுதப்படும் பட்டியல்

இனி ஏலமலைக்கு வருவோம். வைகறையில் போடியிலிருந்தும் சுற்றூர்களிலிருந்தும் போடிமெட்டு வழியாகக் கேரள மாநிலத்து உடும்பன்சோலைப் பகுதித் தோட்டங்களுக்கு ஜீப்புகள் ஏறுகின்றன. களையெடுப்பு, நிழல்மரக் கவாத்து, காயெடுப்பு எனப் பருவந்தோறும் வேலை மாறும். எந்த வேலையாயினும், வந்தவர் பெயரைக் கங்காணியோ கணக்கப்பிள்ளையோ ஏட்டிற் குறித்தால்தான் அந்நாள் கூலிநாளாகும். நாட்கூலிக்குப் பெயரும் நாளும் எழுதப்பெறும். எடைக்கூலிக்கு எடுத்த காயின் கிலோவும் எழுதப்பெறும்.

எடுத்த காய் உலர்ந்து, சல்லடையால் பருமன் வாரியாகப் பிரிக்கப்பெற்று ஏலத்திற்குச் செல்லும்போது நிலைமை வேறாகின்றது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல முறை 2007-இல் தொடங்கிற்று. போடிநாயக்கனூரிலும் புற்றடியிலும் அதற்கு மையங்கள் உள்ளன. அங்கே ஒவ்வொரு குவியலுக்கும் எண், மூட்டை, எடை, விலை என்று அனைத்தும் திரையில் அனைவர்க்கும் தெரிய நிற்கும். காய்க்குரிய பட்டியல் வெளிச்சத்தில் உள்ளது. காய் எடுத்த கைக்குரிய பட்டியலோ பெரும்பாலும் ஒருவர் சட்டைப்பையில் உள்ளது.

இதனை உழைப்போர் அறியாமலில்லை. பல வீடுகளில் சுவரிலே தொங்கும் நாட்காட்டியைப் பாருங்கள். வேலைக்குச் சென்ற நாள்களின்மேல் சுழியோ கோடோ இட்டிருக்கும். எழுதப் படிக்க அறியாதார் அடுப்புக்கரியால் சுவரிற் கோடிட்டு வைப்பர். பாற்கணக்குக்கு இட்ட கோடே கூலிக்கணக்குக்கும் உதவுகின்றது. கணக்கு முடிக்கும் நாளில் ஏட்டின் ‘ஆக’வும் சுவரின் ‘ஆக’வும் ஒத்தால் அமைதி; ஒவ்வாவிடின் வழக்கு. அவ்வழக்கில் பேசுதற்கு உழைப்பவர் கையிலுள்ள ஒரே சான்று அக்கரிக்கோடு.

தொகையை மட்டும் கொடுத்து உறுப்புகளை மறைத்தால் விளையும் தீங்கிற்கு இலங்கைத் தமிழர் வரலாறு சான்று தரும். மலையகத் தோட்டங்களில் முன்னாளில் ‘துண்டு’ என்னும் முறை இருந்தது. இத்தொகையைக் கட்டினால் இத்தொழிலாளரை விடுவிப்போம் என்று ஒரு தோட்டத்தார் மற்றொரு தோட்டத்தார்க்கு எழுதித் தரும் சீட்டு அது. அத்தொகை எவ்வெவற்றால் ஆயது என்பதைக் கடன்பட்டவர் சரிபார்க்க வழியில்லை. 1921-இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தொகையில்லாத எண்ணில் இடைச்செருகல் புகும். எண்ணில்லாத தொகையிலோ எதுவும் புகும். கூலிக்கணக்கில் ‘முன்பணம் வகையறா போக’ என்று எழுதப்படும் ஒரு வரியை நாம் ஐயத்தோடு நோக்கவேண்டியதும் இதனாலேயே. கபிலர் பாட்டில் ‘பிறவும்’ வளம்; கூலி ஏட்டில் ‘வகையறா’ இழப்பு.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், அன்றாடப் பட்டியல் செவ்வெண்ணின் இலக்கணத்துள் அடங்குவதென்பதும், ஈற்றில் நிற்கும் தொகை அப்பட்டியலைக் காக்கும் அடைப்பு என்பதும், உறுப்பும் தொகையும் ஒருங்கே உரியவர் கண்ணிற் படும்போதே பட்டியல் நேர்மையுடையதாகும் என்பதும் பெறப்பட்டன. கடையிலிருந்து வீடு திரும்பும் தாய், தாளை விரித்து ஒவ்வொரு பொருளையும் தொட்டுப் பார்த்துத் தொகையைக் கூட்டிச் சரிகாணும் செயல் மேற்கூறிய நேர்மையின் சிறு வடிவம். அவள் கடையில் பெறும் அவ்வுரிமை, அவள் உழைக்கும் மலையிலும் அவளுக்குக் கிட்டவேண்டும்.

கல்லில் வெட்டிய பட்டியலைப் படித்துப் பதிப்பித்த நம் துறை, தாளில் எழுதிய பட்டியலைத் தீண்டாதிருப்பது முறையன்று. கடைக்காரர் பழைய சிட்டைக் கட்டுகளையும், கணக்கப்பிள்ளைகளின் பழைய ஏடுகளையும், வீட்டுச் சுவர்களின் நாட்காட்டிகளையும் மாணாக்கர் ஊர்தோறும் தேடித் திரட்டுவாராக. அளவைச் சொற்களும் தொழிற்சொற்களும் அவற்றுள் நிரம்ப உள. நிறுத்து வாங்கும் பழைய தாள் வணிகர் அவற்றை முந்திக் கொண்டு போகாதிருத்தல் வேண்டும்.